அக்கா வீட்டு கோபர் கேஸ் நின்ற வருஷம்

நான் கொத்தனார். திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை போகிற டவுன் பஸ்ஸில் ஏறிப் பாதி தூரத்தில் இறங்கினால் எங்கள் ஊர். வீடு கட்டுவேன், சமாதி கட்டுவேன், மாட்டுத் தொட்டி கட்டுவேன். ஆனால் ஊரில் எனக்குப் பேர் ‘கோபர் கேஸ் மேஸ்திரி’. தொண்ணூறுகளின் நடுவில் அரசாங்கம் நடத்திய ஒரு பயிற்சிக்குப் பதினைந்து நாள் போய் வந்ததில் ஒட்டிக்கொண்ட பேர் அது. சாணியையும் தண்ணீரையும் கரைத்து ஊற்றினால் அடுப்பெரிக்க வாயு கொடுக்கிற தொட்டியை மண்ணுக்குள் எப்படிக் கட்டுவது என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். முட்டுப் பலகை எதுவும் வைக்காமல், செங்கல்லை வரிசை வரிசையாக உள்பக்கம் சாய்த்துக்கொண்டே போய், பெரிய பானையைக் கவிழ்த்த மாதிரி மேலே கூண்டாக மூட வேண்டும். வகுப்பில் எல்லாருடைய கூண்டும் விரிசல் விட்டது. என்னுடையது விடவில்லை. அந்தத் திமிர் எனக்குப் பல வருஷம் இருந்தது.

அங்கே இன்னொன்றும் சொன்னார்கள். தொட்டிக்குள் சோப்புத் தண்ணீர் போகக் கூடாது. ஏன் என்று நான் கேட்கவில்லை. நுரை பொங்கிக் குழாயை அடைத்துக்கொள்ளும் போலிருக்கிறது என்று நானே ஒரு காரணத்தைக் கற்பனை செய்து வைத்துக்கொண்டேன். தொட்டி கட்டிக் கொடுத்த வீட்டிலெல்லாம் இந்தக் காரணத்தையே ரொம்பத் தெரிந்தவன் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களும் தலையாட்டினார்கள். கட்டியவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும்தானே.

முதல் தொட்டி அக்கா வீட்டுக்குத்தான் கட்டினேன். என் மனைவி கல்யாணமாகி ஒரே வருஷத்தில் தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. தப்பு என்னுடையதுதான், அதை இங்கே எழுதப் போவதில்லை. அதிலிருந்து எனக்குச் சோறு அக்கா வீட்டில். அக்கா புருஷனை நான் பாவா என்று கூப்பிடுவேன். பொதட்டூர்பேட்டையில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் லுங்கி நெய்துகொண்டிருந்தார். அக்கா காலையில் இட்லி சுட்டு, முதல் பஸ்ஸுக்குப் போகிற தறிக்காரர்களுக்கு விற்பாள். மூன்று ஈடு, நாலு ஈடு வேகிற வரைக்கும் விறகு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். கூரை தாழ்வு, ஜன்னல் கிடையாது. அவளுக்கு இளைப்பு. மூச்சை இழுக்கும்போது கதவுக் கீல் மாதிரி ஒரு சத்தம் வரும். படுத்தால் மூச்சு அடைக்கும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். அப்படித் தூங்குகிறவளை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். பார்க்கவே சகிக்காது.

டாக்டர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். புகையை விடு, இல்லாவிட்டால் உயிரை விடு. புகையை எங்கே விடுவது? சிலிண்டர் கேஸ் அப்போதெல்லாம் டவுன்காரர்கள் சமாச்சாரம். அதனால்தான் நான் பயிற்சிக்கே போனேன்.

தொட்டிக்குக் குழி தோண்டும்போது பாவா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“சாணி கேஸ்ல வெந்த இட்லிய எவன்டா துன்னுவான்? வர்ற நாலு பேரும் ஓடிப்பூடுவான்.”

“நீ துன்னாத போ,” என்றாள் அக்கா. “ஒனக்கு மட்டும் தனியா வெறகுல சுட்டுத் தரேன். ஊதாங்குழல நீயே புடி.”

பாவா லுங்கியை மடித்துக் கட்டினார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டார்.

ஊரெல்லாம் சாணி பொறுக்கித் தொட்டியை நிரப்பி, மூன்று வாரம் காத்திருந்து, ஒரு நாள் வால்வைத் திறந்து தீக்குச்சி காட்டினோம். ஒன்றும் தெரியவில்லை. நல்ல பகல். அந்த நீலச் சுவாலை வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது என்பது எங்களுக்குத் தெரியாது. எரிகிறதா இல்லையா என்று பார்க்க அக்கா விரலைக் கொண்டுபோய் வைத்தாள்.

“ஐயோ அம்மா! வந்துச்சுடா நைனா, வந்துச்சு!”

சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! செல்லம் வந்தால் அவளுக்கு நான் நைனா. கோபம் வந்தால் தடிமாடு.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்குப் போனேன். அக்கா தரையில் பாய் விரித்து மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு சத்தமும் இல்லை. கிட்டப் போய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. எழுப்பாமல் நானே சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து அழுதேன். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த ஒரு காரியம் அதுதான்.

அடுத்த பத்து வருஷத்தில் எங்கள் ஊரில் மொத்தம் ஏழு தொட்டி கட்டினேன். ஏழும் எரிந்தன. ஆனால் அந்தத் தொட்டிக்கு வயிறு பெரிது. தினமும் ஒரு கூடை சாணி, அதே அளவு தண்ணீர், தவறாமல் ஊற்ற வேண்டும். சாணிக்குப் பஞ்சமில்லை. தண்ணீருக்குத்தான் அடிதடி. ஊருக்கு இருந்தது ஒரே ஒரு மேல்நிலைத் தொட்டி. கரண்ட் இருந்தால் மோட்டார் ஓடும், மோட்டார் ஓடினால் வாரத்துக்கு இரண்டு நாள் குழாயில் வரும். வருகிற தண்ணீரை டிரம், அண்டா, தவலை என்று கண்ணில் பட்டதிலெல்லாம் பிடித்து வைத்துக்கொள்வோம். குடிக்கவே காணாதபோது சாணிக்கு ஊற்றினால் யாருக்கும் வயிறெரியத்தானே செய்யும்? அதனால் கூரை ஓரத்தில் பிளாஸ்டிக் குழாயைப் பாதியாகப் பிளந்து கட்டி, மழைத் தண்ணீரைப் பெரிய டிரம்மில் இறக்கி, அதைச் சாணிக்கு என்றே ஒதுக்கி வைத்தோம். இது என் யோசனை இல்லை, அக்காவின் யோசனை. பயிற்சி கொடுத்த ஆபீஸிலிருந்து வந்து பார்த்தவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. இன்னும் பல வீட்டுக்கு இதே மாதிரி செய்யலாம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். முதல் மூன்று வீட்டில் குழி தோண்டவும் ஆரம்பித்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் மூட்டுக் காய்ச்சல் வந்தது.

ஆந்திரா பக்கமிருந்து வந்தது என்று டீக்கடையில் சொன்னார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி டீக்கடையில் திருத்தணியிலிருந்து வந்தது என்று சொல்லியிருப்பார்கள். சிக்குன்குனியா என்ற பேரே எங்கள் வாயில் நுழையப் பத்து நாள் ஆயிற்று, அதற்குள் காய்ச்சல் எல்லா வீட்டிலும் நுழைந்துவிட்டது. ஊரில் முதலில் விழுந்தவர்களில் நான் ஒருத்தன். காய்ச்சல் மூன்று நாளில் விட்டுவிடும். வலி விடாது. முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு, விரல் கணு எல்லாம் வீங்கிக்கொள்ளும். சாந்து பூசுகிற கரணையைப் பிடித்தால் விரல் மூடாது. டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் இடுக்கித்தான் தூக்க வேண்டும். கட்டுமஸ்தான ஆண்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். டவுன் பஸ் வந்து நின்றால் ஏறுவதற்கு ஆளாளுக்கு ஐந்து நிமிஷம். கண்டக்டர் விசில் ஊதவில்லை. அவருக்கும் அதே வலி.

கொசுதான் பரப்புகிறது, தேங்கின தண்ணீரில்தான் கொசு பெருகுகிறது என்று சுகாதாரத்துறை ஆட்கள் வீடு வீடாக வந்தார்கள். நியாயம்தான். ஆனால் வந்தவர்கள் டிரம்மைக் கவிழ்த்தார்கள். மூடி போடாத அண்டாவைக் கவிழ்த்தார்கள். அக்காவின் மழைத் தண்ணீர் டிரம்மையும் இரண்டு பேர் சேர்ந்து உருட்டிவிட்டார்கள்.

“ஏங்க, இத்த வுட்டா எனக்கு வேற தண்ணி இல்லீங்க,” என்று அக்கா கெஞ்சினாள்.

“தெனமும் புதுசா புடிச்சு வச்சுக்கம்மா,” என்றார் ஒருத்தர்.

வாரத்துக்கு இரண்டு நாள் வருகிற தண்ணீரைத் தினமும் எங்கே பிடிப்பது? அந்த இரண்டு நாளும் அந்த மாதம் நடக்கவில்லை. மோட்டார் போடுகிறவர் படுத்த படுக்கை. யாரைப் போய் என்ன கேட்பது? கேட்கப் போகவும் காலில் தெம்பில்லை.

மாடுகள் கத்தின. பால் கறக்க விரல் மடங்க வேண்டுமே. மடி கட்டிப்போனதால் கன்றையே முழுக்க ஊட்டவிட்டார்கள், அதற்கும் மேலே முடியாதவர்கள் ஆர்.கே.பேட்டை வியாபாரியைக் கூப்பிட்டு ஓட்டிவிட்டார்கள். வேன் வேனாக மாடு போயிற்று. அக்காவும் இரண்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டாள். அவளுக்கும் காய்ச்சல் வந்து முழங்கால் தூக்கிக்கொண்டது. உட்கார்ந்த வாக்கில் நகர்ந்து போய், மிச்சமிருந்த ஒரு மாட்டின் சாணியை அரை வாளித் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். குளிக்காமல் அந்தத் தண்ணீரை மிச்சம் பிடித்தாள். சுவாலை கொஞ்சம் குட்டையாயிற்று, ஆனால் எரிந்தது.

தோண்டி வைத்திருந்த மூன்று குழிகளிலும் மழைத் தண்ணீர் நின்றது. கொசு வளர்க்கிறாயா என்று கேட்டு மூடச் சொன்னார்கள். மூடினேன். தோண்ட ஒரு வாரம் ஆனது, மூட ஒரு மத்தியானம். அதோடு போகும் என்று நினைத்தேன்.

எதிர்வீட்டு அம்மா தெருவில் நின்று சத்தம் போட்டாள். அவள் மாமியார் ஒரு வாரமாக எழுந்திருக்கவில்லை.

“இன்னா மேஸ்திரி, ஊரு பூரா சாணித் தொட்டி கட்டி உட்டுட்ட. கொசுவெல்லாம் அதுக்குள்ளதான் குடும்பம் நடத்திகினு கீது. இந்த ஊருக்குக் காச்சல் கொண்டாந்ததே நீதான்!”

தெருவில் நாலு பேர் தலையாட்டினார்கள். பத்து வருஷமாக மேஸ்திரி மேஸ்திரி என்று கூப்பிட்டுத் தொட்டி கட்டிக்கொண்ட வாய்கள் அவை. அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அவள் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்யதை, அவள் வீட்டில் ஒருத்தி கிடக்கிறாள். ஆனாலும் கோபம்தான் வந்தது.

அப்போது ஆடிக்கிருத்திகை நெருங்கியிருந்தது. திருத்தணிக்காரர்களுக்கு ஆடிக்கிருத்திகை என்றால் காவடி, புஷ்பம், அரோகரா எல்லாவற்றுக்கும் முன்னால் மூக்கில் ஏறுவது பிளீச்சிங் பவுடர் நெடி. லட்சக்கணக்கில் ஜனம் வரும், தெருவோரமெல்லாம் வெள்ளையாகத் தூவி வைப்பார்கள். சின்ன வயசிலிருந்து அந்த நெடியை மோந்தே வளர்ந்ததால், பிளீச்சிங் போட்ட இடத்தில் நோய் வராது என்பது எங்களுக்குச் சாமி மேல் இருக்கிற நம்பிக்கைக்கு ஒரு படி கீழே. அந்த வருஷம் கிராமங்களுக்கும் மூட்டை மூட்டையாகக் கொடுத்தார்கள். சாக்கடையில் தூவச் சொன்னார் நர்சம்மா. சாக்கடையில் என்றுதான் சொன்னார். முதலில் விழுந்ததால் அதற்குள் எழுந்து நடக்க முடிந்த சில பேரில் நான் ஒருத்தன் என்பதால், தூவுகிற வேலையைப் பஞ்சாயத்தில் என்னிடம் ஒப்படைத்தார்கள்.

நான் மூட்டையை நேரே அக்கா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

“நம்ம தொட்டியில மொதல்ல போடறேன்க்கா. அப்பதான் எவளும் வாயத் தொறக்க மாட்டா.”

அக்கா யோசித்தாள். “போட்டா ஒண்ணும் ஆவாதே?”

“ஒண்ணும் ஆவாது. நுரையா வரப்போவுது? நான் கட்டுனதுக்கா இது, எனக்குத் தெரியாதா?”

“ஆங், சரி. போடு.”

சாணி கரைத்து ஊற்றுகிற வாயிலும் போட்டேன், கழிவு வெளியே வருகிற குழியிலும் போட்டேன். தூவவில்லை, கொட்டினேன். தெருவில் எல்லாரும் பார்க்கட்டும் என்று கொட்டினேன். பிறகு மற்ற ஆறு வீட்டுக்கும் போனேன். வாரம் ஒரு தடவை, நாலு வாரம். எதிர்வீட்டு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

மூன்றாவது வாரத்திலேயே அடுப்பு மஞ்சளாக எரிய ஆரம்பித்தது. பிறகு பூனை வால் மாதிரி ஒன்று தெரிந்தது. ஒரு காலையில் அதுவும் இல்லை. சாணி பற்றவில்லை, தண்ணீர் பற்றவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன், அதையே நம்பினேன். ஏழு வீட்டிலும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றது. நாலைந்து வீட்டில் மாடே இல்லை, அதனால் யாருக்கும் ஆச்சரியமாக இல்லை. அக்கா பரணில் கிடந்த ஊதாங்குழலை எடுத்துத் துடைத்தாள். இட்லி விற்றால்தான் சாப்பாடு. மூட்டு வலியால் பாவா தறிப் பக்கம் போகாமல் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

தீபாவளிக்கு அப்புறம் ஆபீஸிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார், சின்ன வயசு. அக்கா மாட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருந்தாள். கழிவுக் குழியின் மூடியைத் தூக்கிக் குனிந்து மோந்தார். விளிம்பில் வெள்ளையாகக் காய்ந்திருந்ததைச் சுரண்டிப் பார்த்தார்.

“யாருங்க இதுல பிளீச்சிங் கொட்டினது?”

“பஞ்சாயத்து ஆளுங்க யாராச்சும் போட்டிருப்பாங்க சார்,” என்றேன்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, சாணியைத் தின்று வாயுவை விடுவது அவைதான், மருந்து போட்டு அத்தனையையும் கொன்றுவிட்டீர்கள் என்றார். அதனால்தான் சோப்புத் தண்ணீரே கூடாது என்று சொல்வது, மேஸ்திரி உங்களுக்குத் தெரிந்திருக்குமே என்றார். நான் ஆமாம் சார் என்றேன். இன்னொன்றும் சொன்னார். இந்தக் காய்ச்சல் கொசு சாணித் தொட்டியில் முட்டையே போடாதாம். அதற்கு நல்ல தண்ணீர்தான் வேண்டுமாம்.

அவர் பேசிக்கொண்டே இருந்தார், நான் என் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விரிசல் இல்லை.

சரிசெய்ய வழி இருந்தது. தொட்டி முழுவதையும் காலி செய்து கழுவி, புதிதாகச் சாணி நிரப்ப வேண்டும். பல வண்டிச் சாணி. ஊரில் பாதி மாடு இல்லை. அத்தனை சாணியைக் கரைக்கத் தண்ணீர் இல்லை. சகதியை வாரிக் கொட்ட எவன் கையிலும் வலு இல்லை, என் கையிலேயே இல்லை. ஆபீஸுக்கு நாலு தடவை போனேன். அந்த வருஷம் எல்லாரும் கொசு ஒழிப்பில் இருந்தார்கள். அடுத்த வருஷம் அந்த மேஜையில் வேறு ஆள். புதுத் தொட்டிக்குத்தான் உதவி உண்டு, பழசுக்குக் கிடையாது என்றார். புதுசும் எங்கள் பக்கம் இப்போதைக்கு இல்லை என்றார். நான் யாரோடு சண்டை போடுவது? கத்திப் பார்த்தேன், காலில் விழாத குறையாகக் கேட்டும் பார்த்தேன். பாவம், அந்த ஆள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று போவேன். அவள் அடுப்புக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்பாள்.

“எப்படா நைனா சரி பண்ணுவே?”

“மழை வரட்டும்க்கா.”

மழை வந்தது. “இன்னொரு மாடு வாங்கட்டும்க்கா” என்றேன். பாவா ஒரு கிடேரி வாங்கினார். “அது கன்னு போடட்டும்” என்றேன். கீல் சத்தம் திரும்ப வந்துவிட்டது. பாயைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்து தூங்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு நாளும் அதைக் கேட்டுக்கொண்டே அவள் போட்ட சோற்றைத் தின்றேன். நீ கட்டியதை நீயே கொன்றாய் என்று அவள் சொல்ல மாட்டாள். அது எனக்குத் தெரியும். ஆனால் ஊரில் என்னைக் கோபர் கேஸ் மேஸ்திரி என்று நம்ப மிச்சமிருந்த ஒரே ஆள் அவள்தான். மற்றவர்கள் எல்லாரும் அந்தப் பேரை மறந்துவிட்டார்கள். அவள் முன்னால் அந்தப் பேரையும் இழக்க எனக்குத் துணிச்சல் இல்லை. வெட்கக்கேடு, வேறென்ன.

இதற்கு நடுவில் அரசாங்கம் கேஸ் இணைப்பு இல்லாத வீடுகளுக்கு இலவசமாக அடுப்பும் சிலிண்டரும் கொடுத்தது. ரேஷன் கடையில் பேர் எழுதினார்கள். நான்தான் அக்காவைக் கூட்டிப் போனேன். எழுதுகிறவர் கேஸ் இருக்கிறதா என்று கேட்டார்.

“கீதுங்க,” என்றாள் அக்கா.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “சிலிண்டராம்மா?”

“இல்லீங்க, தொட்டி கேஸு. எந்தம்பி கட்டுனது. ரிப்பேர்ல கீது, சரியாயிடும். இல்லாதவங்க எத்தினியோ பேரு கீறாங்க, அவங்களுக்குக் குடுங்க.”

பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். எனக்குப் பின்னால் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். இல்லை சார், அது செத்துப்போய்விட்டது, எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எப்படிச் செத்தது என்று அக்கா கேட்பாளே என்று மூடிக்கொண்டேன். அவர் அடுத்த கார்டைக் கூப்பிட்டார். எதிர்வீட்டுக்கு அடுப்பு வந்தது, அந்தப் பக்கத்து வீட்டுக்கு வந்தது. அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்து, நம்முடையது மாதிரிதான் நீலமாக எரிகிறது என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

மூட்டுக் காய்ச்சலுக்கு மூன்று வருஷம் கழித்துப் பன்றிக் காய்ச்சல் வந்தது. உலகம் பூராவும் என்றார்கள். டிவியில் எந்நேரமும் முகமூடி. எங்கள் ஊரில் யாருக்கும் அது வரவில்லை, பயம் மட்டும் வந்தது. அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு ஒரு நாள் காலையில் மூச்சு சுத்தமாக ஏறவில்லை. உதடு நீலம் பூத்துவிட்டது. பாவா தறிக்குப் போய்விட்டார். நான் ஆட்டோவில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

வெளியே நீளமான வரிசை. அக்கா இருமினாள். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்துவிட்டு நாலடி நகர்ந்தார். மறுபடி இருமினாள். கைக்குழந்தை வைத்திருந்த பெண் முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டு ஓடினாள். எங்களைச் சுற்றி ஒரு வட்டம் காலியாயிற்று. யாரோ, “பன்னிக் காச்சலு, உள்ள தனியா கொண்டுபோங்க!” என்று கத்தினார்கள்.

அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று மூச்சு வாங்கினாள்.

“பயப்படாதீங்க... எனக்கு அந்தக் காச்சல் இல்லீங்க... அடுப்புப் பொகைங்க இது... எந்தம்பி கேஸு சரி பண்ணிட்டான்னா... சரியாப் பூடுங்க.”

யார் யாரோ முகம் தெரியாத ஜனங்களிடம் அவள் எனக்காகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

உள்ளே கொண்டுபோய் மாஸ்க் மாட்டி மருந்தை ஆவியாக விட்டார்கள். அரைமணி நேரத்தில் உதட்டு நீலம் குறைந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பிளீச்சிங் கொட்டியதால்தான் நின்றது, அது எனக்கு அந்தத் தீபாவளிக்கே தெரியும், இன்ஜினியரிடம் பொய் சொன்னேன், மழை மாடு கன்று என்று உன்னிடம் சொன்னதெல்லாம் சும்மா, அந்தத் தொட்டி இனிமேல் எரியாது அக்கா, நான்தான் கொன்றேன் என்றேன். அடித்தால் தேவலை என்று குனிந்து நின்றேன்.

அக்கா மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கினாள். முகத்தில் கோபம் இல்லை. புரியாத கணக்கைப் பார்க்கிற மாதிரி என்னையே பார்த்தாள்.

“கொட்டனது தெரியாம. அத்த வுடு,” என்றாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். “ரேஷன் கடையில நான் வாணாம்னு சொல்லும்போது... நீ பக்கத்துலதானடா நின்னுகினு இருந்த?”

நர்ஸ் ஓடிவந்து, பேசக் கூடாது என்று திட்டி, மாஸ்க்கை மறுபடி அவள் மூக்கில் மாட்டிவிட்டாள்.